டார்க் ரைடு: சொல்லும் பிறப்பும் தமிழும்

தீம் பார்க் ரசிகர்களுக்குள் ஓயாத வழக்கு ஒன்று உண்டு. பழைய கிளாசிக் ரைடுகள் உயர்ந்தவையா, திரைப்படங்களை ஒட்டிக் கட்டப்படும் புதியவை உயர்ந்தவையா? ஒரு பழைய ரைடை மூடி, அதே கட்டடத்தில் ஏதோ ஒரு படத்தின் பாத்திரங்களைக் குடியேற்றப் போவதாக அறிவிப்பு வந்தால் போதும், இரு தரப்பும் வரிந்துகட்டிக்கொண்டு இறங்கிவிடும். ரோலர் கோஸ்டர் என்றால் உயரம், வேகம், தலைகீழ்ச் சுற்றுகள் என்று அளந்து தீர்த்துவிடலாம். வழக்கு நீள்வது பெரும்பாலும் 'டார்க் ரைடு' என்னும் வகையைப் பற்றித்தான். அந்தச் சொல்லின் வரலாற்றைப் பார்த்தால், இரு தரப்புக்கும் நடுவே கோடு கிழித்த இடமே தவறு என்று எனக்குப் படுகிறது.

முதலில் பொருள். வெளியொளி புகாத கட்டடம் ஒன்று. அதற்குள் வண்டியிலோ படகிலோ அமர்ந்து, குறித்த பாதையில், ஒன்றன்பின் ஒன்றாக அமைத்த காட்சிகளைக் கடந்து போவது டார்க் ரைடு. 'டார்க்' என்பதால் அச்சமூட்ட வேண்டும் என்பதில்லை. உள்ளே இருட்டாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. டிஸ்னி பூங்காக்களின் 'இட்ஸ் எ ஸ்மால் வேர்ல்டு' படகுப் பயணம் பல வண்ணங்களில் பளிச்சென்று இருக்கும். அதுவும் டார்க் ரைடுதான். வெயிலை வெளியே நிறுத்திவிட்டு, எதைக் காட்டுவது, எதை மறைப்பது என்பதை ஒவ்வொரு விளக்காக வடிவமைப்பவரே முடிவு செய்கிறார். அந்த அதிகாரம் வெயிலில் கிடைக்காது. சொல்லிலுள்ள இருள் அதைத்தான் குறிக்கிறது. நடந்து சுற்றிப் பார்க்கும் பேய் வீடு இந்த வகையில் சேராது. அங்கே எங்கே நிற்பது, எதை எவ்வளவு நேரம் பார்ப்பது என்பது நம் கால்களின் விருப்பம்.

இதன் மூத்த வடிவம் தண்ணீரில் ஓடியது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் 'ஓல்டு மில்' என்ற பெயரில் அமெரிக்கப் பூங்காக்களில் இருண்ட வாய்க்கால்கள் கட்டினார்கள். துடுப்புச் சக்கரம் தண்ணீரைத் தள்ள, படகு தானே மிதந்து போகும். இளம் காதலர்களுக்கு இந்த இருட்டு வசதியாக இருந்ததால் 'டனல் ஆஃப் லவ்' என்ற பெயரும் ஒட்டிக்கொண்டது. பென்சில்வேனியாவின் கென்னிவுட் பூங்காவில் 1901-இல் தொடங்கிய ஓல்டு மில் இன்றும் ஓடுகிறது. அதன் கதையைப் பிறகு சொல்கிறேன்.

தண்ணீர் வாய்க்கால் கட்டப் பணம் வேண்டும். நியூ ஜெர்சியில் சிறு பூங்கா ஒன்றை நடத்திய லியோன் கேசிடிக்கு அந்த வசதி இல்லை. அவர் வாய்க்காலை விட்டுவிட்டு, தரையில் ஒற்றைத் தண்டவாளம் பதித்து, மின்சாரத்தில் ஓடும் சிறு வண்டியை இருட்டுக் கொட்டகைக்குள் விட்டார். ஒற்றைத் தண்டவாளம் என்பதால் மிகக் குறுகிய இடத்தில் வண்டியை வெடுக்கென்று திருப்ப முடிந்தது. எதிரே சுவர்; இடித்துவிடும் என்று நினைக்கும் நொடியில் வண்டி திரும்பும், பொம்மை ஒன்று எழும், மீண்டும் இருள். அதில் போய் வந்த ஒருவர் 'பிரெட்சல்போல் என்னை முறுக்கிவிட்டார்கள்' என்றாராம். முறுக்கிச் சுட்ட அந்த ரொட்டித் தின்பண்டத்தின் பெயரையே கேசிடி தம் நிறுவனத்துக்கு வைத்தார் என்பார்கள். பிரெட்சல் நிறுவனம் 1928-இல் தொடங்கியது. வேறு பூங்காக்களுக்கும் இந்த ரைடுகளைச் செய்து விற்றது. திறந்தவெளியில் சுழலும், குலுங்கும் ரைடுகளிலிருந்து இவற்றைப் பிரித்துச் சொல்லத் தொழிலில் இருப்பவர்களுக்கு ஒரு பெயர் தேவைப்பட்டது. 'டார்க் ரைடு' அப்படி வழங்கிய தொழிற்சொல். கவிஞர் யாரும் சூட்டியதல்ல.

இதே ரைடு 1930-இல் இங்கிலாந்தின் பிளாக்பூல் பிளெஷர் பீச்சுக்குப் போனது. அங்கே பிரெட்சல் என்றால் பலருக்குத் தெரியாது. ஆர்னால்டு ரிட்லி 1923-இல் எழுதிய 'தி கோஸ்ட் டிரெயின்' நாடகம் அப்போது பெரும் புகழோடு இருந்தது. அந்தப் பெயரையே ரைடுக்கு வைத்தார்கள். இங்கிலாந்தில் இன்றுவரை இந்த வகைக்கே 'கோஸ்ட் டிரெயின்' என்று பெயர். ஜெர்மானியர் 'கைஸ்டர்பான்' என்கிறார்கள், பேய் ரயில் என்றே பொருள். ரசிகர்கள் இதைக் கவனிக்க வேண்டும். புகழ்பெற்ற ஒரு கதையின் பெயரைச் சொல்லி ஆட்களை உள்ளே அழைப்பது, திரைப்பட நிறுவனங்கள் பூங்கா கட்டுவதற்கு முன்பே இந்தத் தொழிலில் நடந்திருக்கிறது.

இனி கிளாசிக் என்று நாம் கொண்டாடுபவற்றைப் பார்ப்போம். கலிபோர்னியாவில் டிஸ்னிலேண்டு 1955 ஜூலை 17 அன்று திறந்தபோது அங்கிருந்த டார்க் ரைடுகள் ஸ்னோ ஒயிட், பீட்டர் பேன், மிஸ்டர் டோட். மூன்றும் அந்த நிறுவனத்தின் திரைப்படங்களிலிருந்து வந்தவை. 'அந்தக் காலத்தில் படத்தை நம்பாமல் கட்டினார்கள்' என்ற வாதம் இங்கேயே விழுந்துவிடுகிறது. வேறுபாடு இருந்தது, ஆனால் வேறோர் இடத்தில். 1955-இன் ஸ்னோ ஒயிட் ரைடுக்குள் ஸ்னோ ஒயிட் எங்குமே இல்லை. வண்டியில் அமர்ந்திருப்பவர்தான் ஸ்னோ ஒயிட் என்பது வடிவமைத்தவர்களின் எண்ணம். காட்டு மரங்கள் கை நீட்டிப் பிடிக்க வருவது உங்களை. சூனியக்காரி ஆப்பிளை நீட்டுவது உங்களிடம். பார்வையாளர்கள் பலருக்கு இது பிடிபடவில்லை, 'ஸ்னோ ஒயிட் எங்கே?' என்று கேட்டார்கள். கடைசியில் 1983-இல் ரைடைப் புதுப்பித்தபோது அவள் உருவத்தையும் சேர்த்துவிட்டார்கள். எனக்கு அந்த முதல் வடிவத்தின் மேல்தான் மதிப்பு. படத்தை எடுத்துக்கொண்டு, படத்தால் செய்ய முடியாத ஒன்றைச் செய்தது அது.

தன் கதையைத் தானே கொண்டுவந்த ரைடுகளில் தலையாயவை டிஸ்னிலேண்டின் 1967 பைரேட்ஸ் ஆஃப் தி கரீபியனும் 1969-இன் பேய் மாளிகையான ஹான்டட் மேன்ஷனும். மேன்ஷனின் நடன மண்டபக் காட்சியைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். நம் வண்டிக்கும் மண்டபத்துக்கும் நடுவே பெரிய கண்ணாடி நிற்கிறது. இருட்டில் அது தெரியாது. உண்மையான பொம்மைகள் மண்டபத்தில் இல்லை. நாம் போகும் பாதைக்கு மேலும் கீழும், கறுப்படித்த அறைகளில் சுழன்றுகொண்டிருக்கின்றன. அவற்றின் மேல் விளக்கு விழும்போது அவற்றின் பிம்பம் கண்ணாடியில் படிந்து, மேசை நாற்காலிகளுக்கு நடுவே ஒளி ஊடுருவும் ஆவிகளாக ஆடுகிறது. பிம்பத்தில் இடம் வலம் மாறுவதால், நடன ஜோடிகளில் பெண்ணே ஆணை நடத்திச் செல்வதுபோல் தோன்றும். 1860களில் லண்டனில் ஜான் ஹென்றி பெப்பர் மேடையில் காட்டிப் புகழ்பெற்ற உத்தி இது. பிம்பமாக இருந்தாலும் ஆழம் உண்டு. நம் வண்டி நகர நகர, முன்னால் ஆடுபவரும் பின்னால் ஆடுபவரும் கண்ணுக்கு முன் இடம் மாறுகிறார்கள். வண்டியின் முதுகோ உயரமானது. பக்கத்து வண்டிகளை மறைத்து, நாம் பார்க்க வேண்டிய திசைக்கு நம்மைத் திருப்பிவிடுகிறது. இருள், கண்ணாடி, வண்டி மூன்றும் சேர்ந்து ஒரு வேலையைச் செய்கின்றன.

ரசிகர்கள் பேச்சில் புதிய ரைடுகளுக்கு 'ஐபி ரைடு' என்று பெயர். ஐபி என்பது அறிவுசார் சொத்து, வக்கீல்களின் சொல். படம், கேலிச்சித்திரம், விளையாட்டு எல்லாம் அதில் அடங்கும். ஏற்கெனவே உரிமையுள்ள, ஏற்கெனவே மக்களுக்குத் தெரிந்த பாத்திரம் என்பதுதான் அதன் சாரம். பூங்கா முதலாளிகளுக்கு இதில் கணக்கு உண்டு. கதையை அறிமுகப்படுத்தும் வேலை மிச்சம், பொம்மையும் சட்டையும் விற்கும். எதிர்ப்பவர்களின் வருத்தத்திலும் நியாயம் உண்டு. ஃபுளோரிடாவில் டிஸ்னியின் எப்காட் பூங்காவின் நார்வே பகுதியில் இருந்த மேல்ஸ்ட்ரோம் என்ற படகு ரைடு 2014-இல் மூடப்பட்டு, அதே படகுப் பாதையில் 2016-இல் ஃப்ரோசன் படத்தின் ரைடு வந்தது. நார்வேயின் கடலோடிகளும் தொன்மங்களும் இருந்த இடத்துக்கு ஒரு கற்பனை நாடு வந்து சேர்ந்தது.

ஆனால் எல்லா இழப்பும் இந்த வாய்பாட்டில் அடங்காது. ஃபுளோரிடாவின் டிஸ்னி பூங்காவில் மிஸ்டர் டோட் ரைடை 1998-இல் மூடியபோது ரசிகர்கள் திரண்டு எதிர்ப்புத் தெரிவித்தார்கள்; அதன் இடத்தில் வந்தது வின்னி தி பூ. போனதும் படத்திலிருந்து வந்தது, வந்ததும் படத்திலிருந்து வந்தது. பைரேட்ஸ் இன்னும் விந்தை: ரைடிலிருந்து 2003-இல் படம் பிறந்தது, 2006-இல் அந்தப் படத்தின் ஜாக் ஸ்பாரோ ரைடுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டார். கென்னிவுட்டின் ஓல்டு மில்லோ 2004-இல் கார்ஃபீல்டு என்ற கேலிச்சித்திரப் பூனையின் ரைடாக மாறி, 2020-இல் மறுபடியும் ஓல்டு மில் ஆனது. ஐபி வந்தால் வந்ததுதான் என்று நினைத்துச் சோர்பவர்கள் இதை நினைவில் வைக்கலாம்.

என் தீர்ப்பு இதுதான்: கதை எங்கிருந்து வந்தது என்று கேட்பதைவிட, இருள் அங்கே வேலை செய்கிறதா என்று கேட்க வேண்டும். புதிய ரைடுகள் பலவற்றில் என்னை உறுத்துவது படம் அல்ல, திரை. திரையே ஒளிர்கிறது. அறையின் இருளை அது தின்றுவிடுகிறது. நாம் நகர்ந்தாலும் திரையில் உள்ளவை தங்களுக்குள் இடம் மாறுவதில்லை, தட்டையாகவே நிற்கின்றன. இதையும் திறமையால் வெல்ல முடியும். 1999-இல் யுனிவர்சல் கட்டிய ஸ்பைடர்மேன் ரைடில், ஓடும் வண்டியின் கோணத்துக்கு ஏற்ப முப்பரிமாணப் படத்தையே வளைத்து வரைந்தார்கள். ஷாங்காய் டிஸ்னிலேண்டின் 2016 பைரேட்ஸ் முழுக்க முழுக்கப் படத்தை நம்பியது. ஆனாலும் படகு பக்கவாட்டிலும் பின்னோக்கியும் திரும்பி, நிஜக் கப்பலுக்கும் ராட்சதத் திரைக்கும் நடுவே நம்மைக் கொண்டுபோகும்போது எது கட்டியது, எது திரையில் விழும் ஒளி என்று பிரிக்க முடியாது. மறுபக்கம் ஹாங்காங் டிஸ்னிலேண்டின் மிஸ்டிக் மேனர், 2013-இல் எந்தப் படத்தையும் சாராமல், தண்டவாளமே இல்லாத வண்டிகளோடு வந்தது. புதியதெல்லாம் படத்தை நம்பித்தான் வரும் என்பதும் பொய்.

இனி தமிழ். 'இருண்ட சவாரி' என்று எழுதுகிறவர்கள் உண்டு. 'இருண்ட' என்ற பெயரெச்சம் சவாரியையே இருளச் செய்துவிடுகிறது. துயரமான பயணம் என்ற பொருள் தட்டுகிறது. நமக்கு வேண்டியது இருளில் செல்லும் பயணம். 'இருட்டுச் சவாரி' என்றால் அந்தக் குறை இல்லை, பேச்சுக்கும் எளிது. சவாரி பாரசீக வழி வந்த சொல். நூற்றாண்டுகளாகப் புழங்குவதால் அதை நான் ஒதுக்கச் சொல்லமாட்டேன். பழைய தமிழில் இதற்கு ஊர்தல் என்று பெயர். பல்லக்கில் செல்பவனைக் குறள் 'ஊர்ந்தான்' என்கிறது. ஆனால் இன்று ஊர்தல் என்றால் எறும்பும் பாம்பும்தான் நினைவுக்கு வரும்.

நான் முன்வைப்பது 'இருளுலா'. இருளின்கண் உலா என ஏழாம் வேற்றுமைத் தொகையாக விரியும். 'இருள்' தனிக்குறிலும் ஒற்றுமாக நிற்கும் சொல் அல்ல, ஆகவே ளகரம் இரட்டிக்காது. உலா என்றால் விரைவில்லாத பயணம். உலா என்னும் சிற்றிலக்கியத்தில் தலைவன் வீதியில் பவனி வருவான்; பேதை முதல் பேரிளம்பெண் வரை ஏழு பருவ மகளிர் ஒருவர்பின் ஒருவராகக் காட்சிப்படுவார்கள். பாதை ஓரமாகக் காட்சிகளை வரிசைப்படுத்தும் அமைப்பு டார்க் ரைடிலும் அதுவே. அங்கே உலா வருபவனைப் பிறர் பார்க்கிறார்கள், இங்கே உலா போகிறவர் பார்க்கிறார் என்று மறுக்கலாம். 1955-இன் ஸ்னோ ஒயிட் வண்டியில் அமர்ந்தவரைக் காட்டு மரமும் சூனியக்காரியும் பார்த்தது நினைவிருந்தால் அந்த மறுப்பும் தளரும்.

வண்டிக்கு உலா வண்டி, படகுக்கு உலாப் படகு. கிளாசிக் என்பதற்கு 'மூத்த' போதும். அது வயதைச் சொல்லும் அடை. கதையின் மூலத்தைச் சொல்ல வேறு அடை வேண்டும்: தானே கதை படைத்ததைத் 'தன்கதை இருளுலா' என்றும், படத்திலிருந்து வந்ததைப் 'படவழி இருளுலா' என்றும் சொல்லலாம். இந்த இரண்டு அளவையும் கலக்காமல் எழுதினால், டிஸ்னிலேண்டின் ஸ்னோ ஒயிட் மூத்த படவழி இருளுலா. மிஸ்டிக் மேனர் புதிய தன்கதை இருளுலா.