மூன்றரை அடி ஹாபிட்களைத் திரையில் கொண்டுவந்த ஒளியியல்

'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' படங்கள் டோல்கீனின் நாவலுக்கு எவ்வளவு உண்மையாக இருக்கின்றன என்று பேச ஆரம்பித்தாலே, விடுபட்டவைதான் முதலில் வரும். டாம் பாம்படில் என்ற பாத்திரமே இல்லை. க்ளோர்ஃபிண்டெல் வர வேண்டிய இடத்தில் அர்வென் வருகிறாள். ஹாபிட்கள் என்ற குட்டை இனத்தவரில் மூத்தவரான பில்போவின் பிறந்தநாள் விருந்துக்கும், கதாநாயகன் ஃப்ரோடோ ஊரைவிட்டுக் கிளம்புவதற்கும் நடுவே நாவலில் 17 வருடங்கள். படத்தில் அவ்வளவு காலம் போனதாகவே தோன்றாது. ஷயருக்குத் திரும்பும் ஹாபிட்கள் தங்கள் ஊரைத் தாங்களே மீட்கும் அத்தியாயம் மொத்தமாகப் போய்விட்டது. எனக்கு இன்றும் ஆறாத குறை இதுதான்.

சரி, இந்தக் கதை எதன் மேல் நிற்கிறது? பெரியவர்களே தொட அஞ்சும் மோதிரத்தை ஒரு சிறியவன் சுமக்கிறான் என்பதன் மேல். ஹாபிட்களின் உயரம் இரண்டு முதல் நான்கு அடி என்று டோல்கீன் முன்னுரையிலேயே எழுதிவிடுகிறார். வாசிக்கும்போது அதை ஒரு முறை சொன்னால் போதும். திரையிலோ ஒவ்வொரு ஃபிரேமிலும் அது கண்ணுக்குத் தெரிய வேண்டும். 2001 முதல் 2003 வரை வெளிவந்த மூன்று படங்களிலும் இயக்குநர் பீட்டர் ஜாக்சன் இதில் மட்டும் சமரசம் செய்துகொள்ளவில்லை.

ஃப்ரோடோவாக நடித்த எலைஜா வுட் ஏறக்குறைய ஐந்தரை அடி. அவரை மூன்றரை அடியாகக் காட்ட வேண்டும். உயரம் குறைந்த டூப் நடிகர்கள், இரண்டு அளவுகளில் கட்டிய செட், கம்ப்யூட்டரில் ஒட்டிய காட்சிகள் என்று பல வழிகளைக் கையாண்டார்கள். அதில் மிக அழகானது ஃபோர்ஸ்டு பெர்ஸ்பெக்டிவ், அதாவது தூரத்தை வைத்து உருவத்தின் அளவில் கண்ணை ஏமாற்றும் உத்தி. ஒரு பொருள் கேமராவிலிருந்து எத்தனை மடங்கு தள்ளிப் போகிறதோ, படத்தில் அத்தனை மடங்கு சிறுத்துவிடும். மந்திரவாதி கேண்டால்ஃப் கேமராவிலிருந்து 2 மீட்டரில் இருந்தால், ஃப்ரோடோவை 3 மீட்டருக்குச் சற்று அப்பால் உட்கார வைத்தால் போதும். நம் இரு கண்களும் சேர்ந்து அந்த இடைவெளியைக் கண்டுபிடித்துவிடும். கேமராவுக்கு இருப்பது ஒற்றைக் கண்.

முதல் படத்தில் இருவரும் குதிரை வண்டியில் பேசிக்கொண்டு வரும் காட்சியைப் பாருங்கள். பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது போல் தெரியும். உண்மையில் ஃப்ரோடோவின் இருக்கை நன்றாகப் பின்தள்ளி இருக்கிறது. கேமரா நிற்கும் இடத்திலிருந்து பார்த்தால் மட்டும் அது ஒரே பலகையாகத் தெரியும். கேண்டால்ஃபாக நடித்த இயன் மெக்கெல்லன் எலைஜா வுட்டின் முகத்தைப் பார்த்துப் பேசினால் குட்டு உடைந்துவிடும். இருவருமே வெறும் காற்றில் ஒரு புள்ளியைப் பார்த்துப் பாசத்தோடு பேச வேண்டும். அதோடு முன்னால் இருப்பவரும் பின்னால் இருப்பவரும் ஒரே நேரத்தில் ஃபோகஸில் இருக்க வேண்டும். அதற்கு லென்ஸின் துவாரத்தைச் சுருக்க வேண்டும். சுருக்கினால் ஒளி குறையும், அப்புறம் அதை ஈடுகட்டக் கூடுதல் வெளிச்சம் வேண்டும்.

கேமரா அசைந்தால் என்ன ஆகும்? அருகில் இருப்பது வேகமாகவும் தொலைவில் இருப்பது மெதுவாகவும் நகர்ந்து, உண்மை வெளிப்பட்டுவிடும். பில்போவின் பேக் எண்ட் வீட்டு மேசைக் காட்சியில் கேமரா நகர நகர, நடிகரின் இருக்கையையும் மேசையின் ஒரு பகுதியையும் கணக்கிட்ட அளவில் சேர்த்தே நகர்த்தினார்கள். கேமராவின் பார்வையில் இருவருக்கும் உள்ள உறவு மாறவே இல்லை. அசையாத காட்சிக்கு மட்டுமே ஆகும் என்று இருந்த உத்தியை அசைவுக்குப் பழக்கியது பெரிய சாதனை என்றே சொல்வேன்.

குள்ளர் என்ற தனி இனத்தைச் சேர்ந்த கிம்லியின் விஷயம் இன்னும் சுவையானது. அந்தக் குள்ளனாக நடித்த ஜான் ரைஸ்-டேவிஸ் ஆறடிக்கு மேல். ஹாபிட் நடிகர்களைவிட அவர் உயரம். நாவலிலும் குள்ளர்கள் ஹாபிட்களைவிடச் சற்று உயரம்தான். எல்லோரையும் ஏறக்குறைய ஒரே விகிதத்தில் சுருக்கினால் கணக்கு சரியாக வந்துவிடுகிறது. கிம்லியும் ஹாபிட்களும் மட்டும் இருக்கும் காட்சிக்கு எந்த வித்தையும் தேவையில்லை.

2012இல் 'தி ஹாபிட்' 3டியில் வந்தபோது இந்த உத்தி கைகொடுக்கவில்லை. இரண்டு லென்ஸ்கள் இருந்தால் ஆழம் தெரிந்துவிடும், பின்னால் இருப்பவர் பின்னால்தான் இருப்பார். அதனால் குள்ளர்களை ஒரு செட்டிலும் மெக்கெல்லனைத் தனியாகப் பச்சைத் திரைக்கு முன்பும் வைத்து, ஒரு கேமராவின் அசைவை இன்னொன்று வேறு அளவில் அப்படியே பின்பற்றும்படி படம்பிடித்தார்கள். சக நடிகர்களின் குரல் மட்டும் அவர் காதில் கேட்டது. அளவு துல்லியமாக வந்தது. ஆனால் அந்தப் பழைய வண்டிக் காட்சியில் இருந்த நெருக்கம் எனக்கு இதில் கிடைக்கவில்லை.