லாரியும் மைவியும்

போன வாரம் ஒரு மாணவி என் அறைக்கு வந்தார். இடைப்பருவத் தேர்வில் 92 புள்ளி. மீதி 8 எங்கே போனது என்று கேட்க வந்தவர். பேச்சுவாக்கில் நான் ஒன்று கேட்டேன்: லாரி ஒன்று மைவியை, அதாவது நம்மூர்ச் சின்னக் காரை, பின்னாலிருந்து இடிக்கிறது, எது எதன்மேல் அதிக விசை செலுத்தும்?

“லாரிதான் டாக்டர், எவ்வளவு பெரிசு!”

சரி, நியூட்டனின் மூன்றாம் விதி? எழுத்துப் பிசகாமல் ஒப்பித்தார்.

கோலாலம்பூரில் இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறேன். பருவத்துக்குப் பருவம் இதே லாரி, இதே மைவி, இதே பதில். அந்த விதிப்படி விசை இரண்டு பக்கமும் சமம், மைவிக்கு நிறை குறைவு, அதனால் அது அதிகம் தூக்கியெறியப்படுகிறது. அவ்வளவுதான் விஷயம்.

என்னை எரிச்சல்படுத்துவது மாணவர் அல்ல, “கணக்குப் போட்டுவிட்டான், புரிந்துவிட்டது” என்கிற நம்முடைய நம்பிக்கை. பாஸ்ட் இயர் (கடந்த ஆண்டுகளின்) தேர்வுத் தாள்களைப் பத்து முறை போட்டவருக்குக் கேள்வியைப் படிக்கவே தேவையில்லை. கொடுத்த எழுத்துகள் எவை, கேட்ட எழுத்து எது, இவையெல்லாம் சேர்ந்து வரும் சூத்திரம் எது என்று தேடி எண்ணைப் போட்டால் விடை வந்துவிடும். வேஸ் என்ற வழிகாட்டிச் செயலியைப் பார்த்தே கிள்ளான் போய்ச் சேருபவரிடம், கிள்ளான் கிழக்கா மேற்கா என்று கேட்டுப் பாருங்கள். டியூஷன் நிலையங்களும் இந்த வழியைத்தான் விற்கின்றன, நம் தேர்வுத் தாள்கள் அதற்குப் பரிசும் கொடுக்கின்றன.

இது நம் பிள்ளைகளின் குறை மட்டுமல்ல. 1992இல் அமெரிக்க இயற்பியல் ஆய்வாளர் ஹெஸ்டினஸின் குழுவினர் எண்ணே இல்லாத, பல்தெரிவு விசைக் கேள்வித்தொகுப்பு ஒன்றை வெளியிட்டார்கள். தவறான தெரிவுகளெல்லாம் மாணவர்கள் உண்மையிலேயே நம்புபவை. ஹார்வர்டில் இயற்பியல் பேராசிரியர் எரிக் மாசூர் அதைக் கொடுத்தபோது, நீங்கள் சொல்லிக்கொடுத்தபடி எழுதவா, நான் வழக்கமாக நினைப்பதுபோல் எழுதவா என்று ஒரு மாணவி கேட்டாராம். 1998இல் ஹேக் என்ற அமெரிக்க இயற்பியலாளர், இதே வகைக் கேள்விகளுக்கு ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களின் விடைகளைத் தொகுத்தார். விரிவுரை மட்டும் கேட்ட வகுப்புகள், தொடக்கத்தில் தெரியாதிருந்ததில் ஏறக்குறைய கால் பங்கைத்தான் எட்டியிருந்தன. மாணவர்கள் பேசி விவாதித்த வகுப்புகளில் இதைப்போல் இரண்டு மடங்கு.

ஆகவே சக விரிவுரையாளர்களே, “புரிந்ததா?” என்று கேட்டுத் தலையாட்டலை எண்ணாதீர்கள். பாடத்துக்கு முன்னும் பின்னும் எண் இல்லாத கேள்வி கேளுங்கள். அதற்குப் புள்ளி போடாதீர்கள், போட்டால் அதையும் மனப்பாடம் செய்துவிடுவார்கள். தவறான தெரிவுகளை நீங்களாகக் கற்பனை செய்யாமல், போன ஆண்டு விடைத்தாள்களிலிருந்து பொறுக்குங்கள். அப்புறம், ஏன் என்று ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். திருத்த நேரமில்லை என்பீர்கள், எனக்கும் இல்லை. ஆனாலும் ஒரு வகுப்பில் பத்துத் தாளையாவது படியுங்கள், தயவுசெய்து.

வரும் திங்கட்கிழமை கேள்வியை மாற்றிவிட்டேன்: லாரி நிற்கிறது, மைவி போய் இடிக்கிறது. என் மாணவர் யாராவது இதைப் படித்தால், வாட்ஸ்ஆப் குழுவில் போட்டுவிடாதீர்கள்.