ஃபார்மட் அடிப்பதற்கு முன்னால் ஒரு கேள்வி கேளுங்கள்

போன வாரம் குளச்சல் பக்கமிருந்து ஒரு பையன் ஆட்டோவில் கம்ப்யூட்டர் கேபினட்டை மடியில் வைத்துக்கொண்டு வந்து இறங்கினான். பிளஸ் டூ படிக்கிறான், பைலட் ஆக வேண்டும் என்று ஆசை, அப்பாவுக்குக் கப்பலில் வேலை. விமானம் ஓட்டும் கேமான ஃப்ளைட் சிமுலேட்டரில் சென்னையில் ஏறி திருவனந்தபுரத்தில் இறங்குவதுதான் தினமும் டியூஷன் முடிந்த பிறகு அவனுடைய வழக்கம். "மலையைத் தாண்டி இறங்க ஆரம்பிக்கும்போது டப்புன்னு ரீஸ்டார்ட் ஆகுது அண்ணா, ஒரு தடவைகூட இறங்க விடல" என்றான். எத்தனை நாளாக என்று கேட்டேன். நாலு மாசமாம். இதுவரை என்ன செய்தீர்கள் என்று கேட்டேன்.

"நாலு தடவை ஃபார்மட் அடிச்சாச்சு."

மார்த்தாண்டத்தில் கடை போட்டு இருபது வருஷம் ஆகப்போகிறது. இந்த ஒரு பதிலைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது. சும்மா அடித்துக் கொடுக்கிறவர்கள் மேலும் கோபம் வருகிறது, "எதுக்கும் ஒரு தடவை அடிச்சுத் தாங்க" என்று அவர்களாகவே கேட்டு வாங்கிப் போகிறவர்கள் மேலும் கோபம் வருகிறது. ஆகவே இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

ஃபார்மட் அடித்தால் விண்டோஸ் புதிதாகும். அவ்வளவுதான். பெட்டிக்குக் கரண்ட் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் புதிதாகாது, ரேம் புதிதாகாது, சிப்பின் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் காய்ந்திருந்தால் ஈரமாகாது, கிராபிக்ஸ் கார்டு ஃபேனில் சுற்றிக் கிடக்கும் கதம்பல் (தேங்காய் மட்டை) தும்பு தானாக உதிராது. கூரை ஒழுகுகிற வீட்டில் தரையைத் துடைத்துக்கொண்டே இருந்தால் அடுத்த மழை வரைக்கும் காய்ந்துதான் இருக்கும், அதைப் பார்த்துவிட்டு "இப்போ சரியாயிட்டு" என்று சொல்வதில் என்ன இருக்கிறது? கேம் மட்டும்தான் நிற்கிறது, மற்ற எல்லாம் நன்றாக ஓடுகிறது என்றால் விண்டோஸைச் சந்தேகப்படுவது கடைசி வேலை. அதோடு, ஒவ்வொரு முறை எப்படி நின்றது என்று விண்டோஸ் எழுதி வைத்திருக்கும் குறிப்பையும் ஃபார்மட் அழித்துவிடுகிறது. நாலு மாதத் தடயம் என் கைக்கு வரும்போது துடைத்து வைத்த பலகை மாதிரி இருந்தது.

"மத்த கேம் எல்லாம் ஓடுதே" என்பது அடுத்தது. ஓடத்தான் செய்யும். நாகர்கோவிலுக்கு ஓடுகிற லாரி, அதே லோடோடு கோதையாறு மலை ஏறும்போதுதான் தன் நிஜத்தைக் காட்டும். ஃப்ளைட் சிமுலேட்டர் அப்படிப்பட்ட ஏற்றம். வழி நெடுகத் தரைப்படத்தை இன்டர்நெட்டிலிருந்து இழுத்து, விரித்து, ரேமில் நிரப்பி, கார்டில் வரைந்துகொண்டே மணிக்கணக்கில் போகும், நடுவில் லோடிங் ஸ்க்ரீன் என்று மூச்சு விடவும் நேரம் கிடைக்காது. மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டரின் 2024 பதிப்புக்குக் குறைந்தபட்சமே 16 ஜிபி ரேம், பரிந்துரை 32. எட்டு ஜிபியில் வந்து நின்று "ஏன் அண்ணா நிக்குது" என்று கேட்டால் நான் என்ன சொல்ல.

சரி, கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: எப்படி நின்றது?

கேம் மட்டும் மூடிக்கொண்டு டெஸ்க்டாப்புக்கு வந்துவிட்டதா? அப்படியானால் முதலில் பார்க்க வேண்டியது நீங்கள் எங்கெங்கிருந்தோ இறக்கிப் போட்ட விமானங்களும் ஏர்போர்ட்டுகளும்தான். அவை கிடக்கும் கம்யூனிட்டி ஃபோல்டரைக் காலி செய்து ஓட்டிப் பாருங்கள், இல்லாவிட்டால் அடுத்த முறை கேமைத் திறக்கும்போது அவை இல்லாமல் ஓடும் சேஃப் மோட் வேண்டுமா என்று கேட்கும், சரி என்று சொல்லுங்கள். எக்ஸ் பிளேன் என்ற இன்னொரு சிமுலேட்டரை ஓட்டுகிறவர்கள் எக்ஸ் பிளேன் ஃபோல்டரிலேயே இருக்கும், நடந்ததை எழுதி வைக்கும் லாக் ஃபைலின் கடைசி வரிகளைப் பாருங்கள், பாதி நேரம் குற்றவாளியின் பெயர் அங்கேயே இருக்கும். எஸ்எஸ்டி தேயும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு ரேம் போதாதபோது டிஸ்க்கில் இடம் கொடுக்கும் பேஜிங் ஃபைலை அணைத்து வைத்திருக்கிறவர்கள், தயவுசெய்து அதைத் திரும்ப ஆட்டோமேட்டிக்கில் விடுங்கள்.

நீலத்திரை வந்ததா? ஃபோனில் ஒரு படம் எடுத்து வையுங்கள், போதும். அதற்கு அப்புறம் விண்டோஸுக்கு முன்னால் வரும் பயாஸ் செட்டிங்கில், ரேமை வேகமாக ஓட்டும் எக்ஸ்எம்பியை அணைத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள், அதற்கப்புறம் நீலத்திரை வரவில்லை என்றால் வழக்கு ரேமில் இருக்கிறது. ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் ஒரு ராத்திரி ஓடட்டும். கடலோர ஊர்களில் ரேம் காலில் உப்புக்காற்று பட்டுக் கறுத்திருக்கும், பென்சில் அழிக்கும் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூளைத் துடைத்து மாட்டினாலே எத்தனையோ பெட்டிகள் பிழைத்திருக்கின்றன. இன்டெல் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் சிப் வைத்திருக்கிறவர்கள் பயாஸை உடனே அப்டேட் செய்யுங்கள். அந்தச் சிப்புகள் அதிக வோல்டேஜ் வாங்கிக் கெட்டுப்போவது தெரியவந்து 2024 ஆகஸ்ட் முதல் திருத்தம் வந்தது, வாரன்டியையும் 2 வருஷம் நீட்டித்தார்கள். ஏற்கெனவே கெட்டுப்போன சிப்பை அப்டேட் சரி செய்யாது, அதை மாற்றித்தான் வாங்க வேண்டும்.

எந்தத் திரையும் வராமல், பியூஸ் போன மாதிரி டப்பென்று ரீஸ்டார்ட் ஆகிறதா? நம் பையனுக்கு ஆனது இதுதான். விண்டோஸ் குறிப்பு எழுதி வைக்கும் ஈவென்ட் வியூவரில், கடைசி ஃபார்மட்டுக்குப் பிறகு, கெர்னல் பவர் 41 என்று ஒரு சிவப்புக் குறி இருந்தது. அதைக் கூகுளில் தேடிவிட்டு "41 எரர் வந்திருக்கு" என்று பயந்துபோய் வருகிறார்கள். முறையாக மூடாமல் நின்றுபோனது என்பதைத் தவிர அது வேறு எதையும் சொல்வதில்லை. அதைத்தான் நாமே கண்ணால் பார்த்தோமே.

அவனிடம் இரண்டு காரியம் சொன்னேன். கன்னியாகுமரியில் இருந்து நேர் தெற்கே, ஒன்றுமே இல்லாத கடல் மேல், ஆட்டோபைலட் போட்டு அதே நேர அளவுக்கு விடு. அப்புறம் ஞாயிற்றுக்கிழமை காலையில் வழக்கமான சென்னை ரூட்டை ஓட்டு. எப்போதும் ஒரே இடத்தில் நின்றால் சீனரியைச் சந்தேகப்படலாம், இடம் மாறியும் நின்றால் ஏர்போர்ட் ஃபைலை விட்டுவிட வேண்டியதுதான். சாயங்காலம் கடல் மேல் விட்டபோதும் ரீஸ்டார்ட் ஆகிவிட்டது. காலையில் சென்னையிலிருந்து வந்து, மலையைத் தாண்டி, அழகாகத் திருவனந்தபுரத்தில் இறங்கியிருக்கிறான். ஃபோனில் அவன் குரலைக் கேட்க வேண்டுமே!

அப்படியானால் வழக்கு இடத்தில் இல்லை, நேரத்தில் இருக்கிறது. அன்றே சாயங்காலம் வோல்டேஜ் அளக்கும் மல்டிமீட்டரோடு வீட்டுக்குப் போனேன். ஏழரை மணிக்கு பிளக்கில் 168 வோல்ட், ரொம்பக் குறைவு. தெருவே விளக்கும் ஏசியும் போட்டிருக்கும் நேரம். வீட்டு இன்வெர்ட்டரின் பின்னால் ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும், நார்மல் ஒரு பக்கம், யுபிஎஸ் ஒரு பக்கம். நார்மலில் கிடந்தது. அதில் இருந்தால் ரொம்பக் குறைந்த வோல்டேஜையும் அப்படியே உள்ளே விட்டுவிடும், கரண்ட் போனால் பேட்டரிக்கு மாறவும் நேரம் எடுக்கும். கேபினட்டைத் திறந்தால் விலை குறைந்த 450 வாட் எஸ்எம்பிஎஸ், பழைய ஹார்ட் டிஸ்க் வயரிலிருந்து ஒரு கன்வெர்ட்டர் போட்டு கிராபிக்ஸ் கார்டுக்குக் கரண்ட். கார்டில் சொருகும் அந்த வெள்ளை பிளாஸ்டிக் முனை, டீ கொட்டின துணி மாதிரி பழுப்பேறி இருந்தது. மூக்குக்கு அருகில் கொண்டுபோனால் லேசான கருகல் வாடை. இதை வைத்துக்கொண்டு நாலு தடவை விண்டோஸ் மாற்றியிருக்கிறார்கள்! அடித்துக் கொடுத்த கடையில் ஓட்டிப் பார்த்திருப்பார்கள், ஓடியும் இருக்கும், ஏனென்றால் கடையில் பகல், அதிலும் கரண்ட் எப்படி வந்தாலும் சீராகக் கொடுக்கும் ஆன்லைன் யுபிஎஸ். வீட்டுக்கு வந்தால் ராத்திரி.

நல்ல எஸ்எம்பிஎஸ், கார்டுக்குத் தனி கேபிள், கம்ப்யூட்டருக்கு என்று ஒரு யுபிஎஸ். மூன்று ராத்திரி தொடர்ந்து இறங்கிவிட்டான்.

தம்பிமாரே, உங்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன். கார்டு வாங்கும்போது மிச்சம் பிடித்த காசை எஸ்எம்பிஎஸ்ஸில் பிடிக்காதீர்கள். கண்ணாடிக் கதவு போட்ட ஷெல்ஃபுக்குள் கேபினட்டை வைக்காதீர்கள். தூசு ஊத பைக் கடை கம்ப்ரசருக்குப் போகாதீர்கள், அதில் தண்ணீர் வரும். ஊதும்போது ஃபேன் சுற்றாமல் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். கேபினட்டைத் தொட்டால் சுரீர் என்கிறதென்றால் கேமை விடுங்கள், முதலில் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் பார்க்கச் சொல்லுங்கள். இடி முழங்கும்போது பிளக்கைப் பிடுங்கி வையுங்கள், நமக்கு ஆனி ஆடியிலும் மழை, ஐப்பசியிலும் மழை. பெற்றோர்களே, "கேம் விளையாடித்தான் கெட்டுப்போச்சு" என்று திட்டினால் பிள்ளைகள் இரண்டு மாசம் மறைத்து வைத்துவிட்டு, வயர் கருகின பிறகுதான் வந்து சொல்லுவார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. இரண்டாவது ஃபார்மட்டில் அந்த வீட்டு அக்காவின் கல்யாணப் படங்கள் போய்விட்டன. டெஸ்க்டாப்பில் ஒரு ஃபோல்டரில் கிடந்திருக்கிறது, யாரும் கேட்கவில்லை, இவர்களும் சொல்லவில்லை. ஹார்ட் டிஸ்க்காக இருந்தால் முயற்சி செய்திருப்பேன். எஸ்எஸ்டியில் அழித்த இடத்தை டிரிம் என்ற வேலை உடனே துடைத்துவிடுகிறது, அதற்கு மேல் இரண்டு தடவை வேறு அடித்திருக்கிறார்கள். எல்லாம் சரியான பிறகு அவனுடைய அம்மா ஓரமாக வந்து, "அந்தப் படம் மட்டும் கிடைக்காதா தம்பி?" என்று கேட்டார்கள். கல்யாணத்துக்குப் படம் எடுத்த ஸ்டுடியோவில் காப்பி இருக்கிறதா என்று கேட்கச் சொல்லியிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.