கடல் பக்கம் திரும்பிய ஆன்டெனா

2000-களின் நடுவில் மந்தைவெளியில் சித்தப்பா வீட்டுக்குப் போனால், சன்னல் திண்டில் உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பாக ஒரு தகடு சாய்ந்து உட்கார்ந்திருக்கும். அதிலிருந்து ஒரு ஒயர் உள்ளே வேர்ல்டுஸ்பேஸ் ரேடியோவுக்கு ஓடும். சந்தா கட்டினால் செயற்கைக்கோளிலிருந்து நேரே பாட்டு தந்த நிறுவனம் அது. துடைக்கப்போனால்கூட, "தொடாதேடா, கச்சேரி நின்னுடும்" என்பார். மார்கழியில் அந்த வீட்டில் சுருதி சேனல் ஓயாது.

தகடு எப்போதும் கடல் பக்கமே பார்த்திருக்கும். காரணம் சாதாரணக் கணக்குதான். ஆசியாஸ்டார் என்ற அந்தச் செயற்கைக்கோள் 2000 மார்ச்சில் ஏரியான் ராக்கெட்டில் ஏறி, நிலநடுக்கோட்டுக்கு மேலே 35,786 கி.மீ. உயரத்தில், கிழக்குத் தீர்க்கரேகை 105 பாகையில் நின்றது. சென்னை இருப்பது சுமார் 80 பாகையில். ஆக இங்கிருந்து பார்த்தால் அது கிழக்கிலிருந்து கொஞ்சம் தெற்கே தள்ளி, அடிவானத்திலிருந்து ஏறக்குறைய 57 பாகை உயரத்தில் இருக்கும். வங்கக்கடலுக்கு மேலே என்று வைத்துக்கொள்ளலாம். கிழக்கு பார்த்த பால்கனிக்காரர்களுக்குக் கொண்டாட்டம். மேற்கு பார்த்த ஃப்ளாட் என்றால் மொட்டைமாடிக்கு ஒயர் இழுக்க வேண்டியதுதான்.

டிவிக்குக் குடை மாதிரி டிஷ் வேண்டும், இதற்கு மட்டும் தகடு எப்படிப் போதும்? டிடிஎச் சிக்னலின் அலைநீளம் சுமார் இரண்டரை சென்டிமீட்டர். படத்துக்கு ஏகப்பட்ட தகவல் வந்து சேர வேண்டும், அதனால் பெரிய கிண்ணத்தில் பிடித்துக் குவிக்க வேண்டும். வேர்ல்டுஸ்பேஸ் பயன்படுத்தியது 1,467 முதல் 1,492 மெகாஹெர்ட்ஸ் வரையிலான 'எல்' பட்டை. அலைநீளம் 20 சென்டிமீட்டர். ஐப்பசி மழையில் டிடிஎச் படம் கட்டம் கட்டமாக உறைந்து போகும், ஏனென்றால் சில மில்லிமீட்டர் மழைத்துளியும் அந்தச் சிற்றலையும் கிட்டத்தட்ட ஒரே அளவு வகையறா, துளி அலையை விழுங்கிவிடும். 20 சென்டிமீட்டர் அலை மழையைக் கண்டுகொள்வதே இல்லை. வெளியே கொட்டோ கொட்டென்று கொட்டும், உள்ளே ஆலாபனை நடக்கும்.

அந்த அலைக்குள் பல சேனல்கள் எப்படி அடங்கின? நம் தெருவில் தண்ணீர் லாரி வந்து நிற்கும் காட்சியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே குழாய், வரிசையாகக் குடங்கள். ஒவ்வொரு குடத்துக்கும் நொடியில் ஒரு துணுக்கு நேரம், பிறகு அடுத்த குடம். செயற்கைக்கோள் அனுப்பும் ஓர் அலைத்தொடரில் இப்படி 96 குடங்கள், ஒவ்வொன்றிலும் நொடிக்கு 16 கிலோபிட். வெறும் பேச்சுக்கு ஒரு குடம் போதும். சங்கீதம் காதுக்கு இதமாக இருக்க நாலு குடம் வேண்டும். வீட்டுப் பெட்டி தனக்கு வேண்டிய குடங்களை மட்டும் பொறுக்கி, சந்தா கட்டியவருக்கு மட்டும் பூட்டைத் திறந்து, எம்பி3 பாணியில் சுருக்கிய ஒலியை விரித்துக் கொடுக்கும்.

ஆனால் அத்தனை உயரத்திலிருந்து இறங்கி வரும்போது சிக்னல் மிகவும் மெலிந்துவிடும். சுவர், பக்கத்துக் கட்டடம், ஈரமான தென்னை ஓலை எல்லாமே அதற்கு மதில்தான். காரில் போகிறவர் ஜெமினி மேம்பாலத்துக்கு அடியில் நுழைந்தால் பாட்டு அறுந்துவிடும். அமெரிக்காவில் எக்ஸ்எம், சிரியஸ் என்ற செயற்கைக்கோள் வானொலி நிறுவனங்கள் இதற்கு இரண்டு வைத்தியம் செய்தன. ஒரே நிகழ்ச்சியை ஒன்றுக்கு மேற்பட்ட செயற்கைக்கோள்களிலிருந்து சுமார் 4 நொடி இடைவெளியில் இரண்டு தடவை அனுப்பினார்கள். பாலத்தடியில் ஒன்று தவறினால் மற்றது நிரப்பும். வானளாவிய கட்டடங்கள் நெருங்கிய நகரங்களில் இது போதாது. அங்கே செயற்கைக்கோளிடமிருந்து வாங்கிப் பலமாகத் திருப்பி ஒலிபரப்பும் ரிப்பீட்டர்களை நூற்றுக்கணக்கில் தரையில் நட்டார்கள்.

சட்டம் உள்ளே வந்ததும் இங்கேதான் என்பது என் எண்ணம். வானத்திலிருந்து விழும் அலையை மறிப்பது அரசுக்கு எளிதல்ல. தரையில் நிற்கும் கோபுரத்துக்கு உரிமம் கேட்கலாம், கதவைத் தட்டலாம்.

அமெரிக்காவில் அரசு 1997-இல் அலைவரிசையை ஏலம் விட்டது. இரண்டு நிறுவனங்கள் தலா 8 கோடி டாலருக்கு மேல் கட்டின. உள்ளூர் வானொலிக்காரர்களோ, ரிப்பீட்டர் வழியே இவர்கள் உள்ளூர் நிகழ்ச்சி போட்டுத் தங்கள் விளம்பரத்தைப் பறித்துவிடுவார்கள் என்று பயந்தார்கள். செயற்கைக்கோளில் வருவதை மட்டுமே ரிப்பீட்டர் திருப்பிச் சொல்லலாம் என்பது நிபந்தனை. 2004-இல் நிறுவனங்கள் ஒரு குறுக்குவழி கண்டுபிடித்தன. பெருநகரங்களின் போக்குவரத்து நெரிசல் செய்திகளுக்குத் தனிச் சேனல்கள் தொடங்கி, அவற்றை நாடு முழுக்கவும் ஒலிபரப்பின. கத்திப்பாரா நெரிசலைக் காஷ்மீர்க்காரரும் கேட்கலாம் என்பதுபோல. விதி மீறப்படவில்லை, எதிர்த்தரப்பு பல்லைக் கடித்தது.

நம் ஊர்க் கதை வேறு மாதிரி. இந்தியாவின் முதல் எஃப்எம் ஒலிபரப்பு 1977 ஜூலையில் சென்னையில்தான் தொடங்கியது. அப்போது அடிப்படைச் சட்டம் 1885-ஆம் ஆண்டுத் தந்திச் சட்டம், ஒலிபரப்பு முழுக்க அரசின் ஏகபோகம். அலைகள் பொதுச்சொத்து என்று 1995-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகே கதவு திறந்தது. தனியார் எஃப்எம் உரிமம் ஊர் ஊராக ஏலம் போனது. சென்னைக்குப் பணம் கட்டியவரின் பாட்டு செங்கல்பட்டு தாண்டினால் இரைச்சலாகிவிடும். சொந்தமாகச் செய்தி வாசிக்கவும் அனுமதி இல்லை, ஆகாசவாணிச் செய்தியை அப்படியே எடுத்துப் போடும் சலுகையே 2011-இல்தான் கிடைத்தது. அதே தெருவில் செயற்கைக்கோள் பெட்டி வாங்கியவர் பிபிசி செய்தியைக் கேட்டுக்கொண்டிருந்தார். தமிழ்ப் பாட்டு வேண்டுமா, அதே பெட்டியில் கேஎல் ரேடியோ என்ற சேனல் இருந்தது. குமரி முதல் இமயம் வரை ஒரே தரம். எஃப்எம் நிறுவனங்களுக்கு எரிச்சல் வந்திருந்தால் அதில் தப்பு காண முடியவில்லை.

இந்த ஏற்றத்தாழ்வை ஒழுங்குபடுத்தத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2005 ஜூனில் செயற்கைக்கோள் வானொலிக்கென்று தனிப் பரிந்துரைகளை அரசுக்குக் கொடுத்தது. ரிப்பீட்டர் இல்லாமல் நகரத்துக் கார்களைப் பிடிக்க முடியாது, கார்களைப் பிடிக்காமல் சந்தா பெருகாது. வேர்ல்டுஸ்பேஸ் இந்தியாவில் வீட்டுச் சன்னலோடே நின்றுபோனது. தாய் நிறுவனம் 2008 அக்டோபரில் அமெரிக்காவில் திவால் பாதுகாப்பு கேட்டது. 2009 டிசம்பர் 31-ஆம் தேதியோடு இந்தியச் சேவை முடிந்தது, மார்கழிக் கச்சேரிகள் பாதியில் இருக்கும்போது.

அதன்பிறகு நகரமெங்கும் கோபுரங்கள் முளைத்தன, செல்பேசிக்காக. இன்று காரில் ஓடும் பாட்டு பெரும்பாலும் அவற்றின் வழியேதான் வருகிறது. இஸ்ரோ எதிர்த்திசையில் யோசித்தது: கையிலிருக்கும் கருவி சிறிதாக வேண்டுமென்றால் வானத்து ஆன்டெனா பெரிதாக வேண்டும். 2015 ஆகஸ்டில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன ஜிசாட்-6 செயற்கைக்கோள் மேலே போய்க் குடைபோல் விரித்த ஆன்டெனாவுக்கு 6 மீட்டர் விட்டம்.

1885 சட்டத்தின் இடத்துக்கு வந்த 2023 தொலைத்தொடர்புச் சட்டத்தில், எல், எஸ் பட்டைகளில் இயங்கும் செயற்கைக்கோள் செல்பேசிச் சேவை போன்றவற்றுக்கு ஏலமில்லாமலே அலைவரிசை ஒதுக்கலாம் என்று அட்டவணை போட்டிருக்கிறார்கள். சமூக வானொலியும் அதே பட்டியலில் இருக்கிறது. தனியார் எஃப்எம் இல்லை.