கட்டுநாயக்கவுக்கு எத்தனை மணிக்கு வேன் ஏறுவது?

ஹட்டனில் விமான டிக்கெட் போட்டுக் கொடுப்பது என் தொழில். வேலைக்கு டுபாய் போகிறவர்களும் சரி, மகனைப் பார்க்க லண்டன் போகும் அம்மாக்களும் சரி, முதலில் கேட்பது "எத்தனை மணித்தியாலம் தம்பி?" என்றுதான். பலர் போனில் தூரத்தைத் தேடிவிட்டே வருகிறார்கள். கட்டுநாயக்கவிலிருந்து டுபாய்க்குச் சுமார் 3,300 கிலோமீட்டர் என்று அது காட்டும். இரண்டு விமான நிலையங்களுக்கும் நடுவே உள்ள மிகக் குறுகிய தூரம் அது. விமானம் வான்பாதையையும் மழைமேகத்தையும் பார்த்துச் சற்று விலகித்தான் போகும். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, இறங்க முறை வரும்வரை சுற்றுவது எல்லாம் சேர்த்து நாலரை மணித்தியாலம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் டிக்கெட்டில் மாலை 6.30க்குப் புறப்பாடு, இரவு 9.30க்கு டுபாய் என்றிருக்கும். மூன்றே மணித்தியாலம் என்று நினைத்துவிடாதீர்கள். புறப்படுவது நம் நேரம், இறங்குவது அங்குள்ள நேரம். டுபாய் நமக்கு ஒன்றரை மணித்தியாலம் பின்னால். சவூதி, கட்டார், குவைத் இரண்டரை. லண்டன் குளிர்காலத்தில் ஐந்தரை, கோடையில் நாலரை.

எனக்கு அதிகம் கவலை தருவது நள்ளிரவு விமானங்கள்தான். 15ஆம் திகதி 00.40 என்று போட்டிருந்தால், 14ஆம் திகதி இரவு பத்து மணிக்கு முன்பே விமான நிலையத்தில் நிற்க வேண்டும். 15ஆம் திகதி இரவு பெட்டியோடு போய் நின்றால் விமானம் அன்று அதிகாலை 00.40க்கே போயிருக்கும். நகையை அடகு வைத்துக் கட்டிய காசும் அதோடு போய்விடும். டிக்கெட் கொடுக்கும்போது "14 இரவு" என்று பேனாவால் பெரிதாக எழுதிவிடுவேன்.

அப்புறம் ரோடு. ஹட்டனிலிருந்து கட்டுநாயக்கவுக்கு 150 கிலோமீட்டர்கூட இல்லை. ஆனாலும் கினிகத்தேனை வளைவுகள், கித்துல்கலை, அவிசாவளை நெரிசல் என்று நாலைந்து மணித்தியாலம் போய்விடும். டுபாய்க்குப் பறக்கிற அதே நேரம்! பதுளை, பண்டாரவளைப் பக்கம் என்றால் இன்னும் கூடும். தோட்டத்து மேல் டிவிஷன் லயத்து வீட்டிலிருந்து பெட்டியோடு மெயின் ரோட்டுக்கு இறங்கும் நேரத்தையும் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. 2025 நவம்பரில் டித்வா புயலின்போது மலையக ரோடுகள் மண்சரிவில் அடைபட்டதை நாம் எல்லோரும் பார்த்தோம். மழை விடாமல் பெய்கிறதென்றால் முதல் நாளே கொழும்பிலோ நீர்கொழும்பிலோ சொந்தக்காரர் வீட்டில் போய்த் தங்கிவிடுங்கள்.

லண்டனுக்குத் தூரம் சுமார் 8,700 கிலோமீட்டர். நேராகப் போனால் பதினொரு மணித்தியாலம் அளவில். நடுவில் விமானம் மாறினால் காத்திருக்கும் நேரமும் சேரும். அப்படி மாறிப் போகிறவர்கள் காசு கட்டும் முன்பே, இரண்டு விமானமும் ஒரே புக்கிங்கா என்று கேளுங்கள். ஒரே புக்கிங் என்றால், முதல் விமானம் தாமதித்து அடுத்ததைத் தவறவிட்டாலும் வேறு விமானத்தில் அனுப்புவது விமான நிறுவனத்தின் பொறுப்பு. மலிவென்று தனித்தனியாக வாங்கினால் அடுத்த டிக்கெட்டை நீங்களேதான் மறுபடி வாங்க வேண்டியிருக்கும்.