பாட்டிக்குச் சாமந்தி கொடுத்த மாணவியும் முழு மதிப்பெண் போட்ட நானும்

சென்னையில் ஆறாம், ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு பிரெஞ்சு சொல்லித் தருவது என் வேலை. சில வருடங்களுக்கு முன் ஒரு தேர்வில், பிரான்சில் இருக்கும் பாட்டி வீட்டுக்குப் போனதாகக் கற்பனை செய்து எழுதச் சொல்லியிருந்தேன். ஒரு பெண் அருமையாக எழுதியிருந்தாள். பாட்டிக்குப் பிறந்தநாள், அவள் ஒரு கொத்து 'க்ரிஸான்தெம்' வாங்கிக்கொண்டு போகிறாள், பாட்டி கட்டி அணைத்து முத்தம் கொடுக்கிறாள். வினைச்சொல், ஆண்பால், பெண்பால், ஒருமை, பன்மை எதிலும் ஒரு பிசகு இல்லை. பத்துக்குப் பத்து போட்டுவிட்டேன். பிரான்சில் வளர்ந்த சக ஆசிரியை ஒருவர் தற்செயலாக அந்தத் தாளைப் புரட்டிவிட்டு என்னைக் கேட்டார்: "ஏங்க, இந்தப் பாட்டி செத்துட்டாங்களா?"

க்ரிஸான்தெம் என்றால் நம் சாமந்திதான். நமக்கு அது சாமிக்கும் போடுகிற பூ, கல்யாண மண்டபத்தில் தோரணமாகவும் கட்டுகிற பூ. பிரான்சிலோ அக்டோபர் கடைசியில் பூக்கடை வாசலெல்லாம் தொட்டி தொட்டியாகச் சாமந்தி வந்து நிற்கும், நவம்பர் 1ஆம் தேதி 'தூசேன்' (எல்லாப் புனிதர்களின் திருநாள்) அன்று குடும்பத்தோடு கல்லறைக்குப் போய் வைப்பதற்காக. உயிரோடு இருக்கிற பாட்டிக்கு அதை நீட்டினால் பாட்டி முகம் எப்படிப் போகும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள். அகராதிப்படி அந்தப் பெண் எழுதியதில் தப்பே இல்லை. தப்பு என் பாடத்தில்.

பள்ளியில் பண்டிகைப் பாடத்தை நாம் பெரும்பாலும் மூன்று கட்டமாகத்தான் நடத்துகிறோம்: பண்டிகையின் பெயர், தேதி, பலகாரம். நோயெல், டிசம்பர் 25, மரக்கட்டை வடிவத்தில் ஒரு கேக். மதிப்பெண் வந்துவிடும். ஆனால் அந்த மேசையில் உட்கார்ந்திருக்கும் ஒரு குழந்தை யாரிடம் என்ன பேசும் என்று கேட்டால் வகுப்பே மௌனம். வீட்டுக்குள் பேசுகிற பிரெஞ்சு பாடப்புத்தகத்தில் எட்டிப்பார்க்கிற ஒரே இடம் இந்தப் பாடம்தான், அதையும் தேதியாக மாற்றி மனப்பாடம் செய்ய வைத்துவிடுகிறோம். (பிரெஞ்சு எடுத்தால் மார்க் வரும் என்று சேர்த்துவிடுகிற பெற்றோரை நான் குறை சொல்லப் போவதில்லை. அவர்கள் இல்லாவிட்டால் எனக்கு வேலை ஏது.)

ஜனவரி 6ஐ எடுத்துக்கொள்ளுங்கள், எப்பிஃபனி, அதாவது மூன்று ராஜாக்கள் திருநாள். அன்றோ, பெரும்பாலும் ஜனவரியின் முதல் ஞாயிறன்றோ, வீட்டில் 'கலெத் தெ ருவா' என்கிற ராஜா கேக் வெட்டுவார்கள். நம் பேக்கரி பஃப்ஸ் போலவே அடுக்கடுக்காக உதிரும் மாவு, உள்ளே பாதாம் விழுது, வட்டமாகத் தட்டு அகலத்துக்கு இருக்கும். அதற்குள் ஒரு 'ஃபேவ்' ஒளிந்திருக்கும். ஃபேவ் என்பது நம் மொச்சை மாதிரியான ஒரு அவரை விதை. இப்போது விதைக்குப் பதில் சின்னப் பீங்கான் பொம்மை வைக்கிறார்கள், ஆனாலும் பெயர் மாறவில்லை. யார் துண்டில் அது வருகிறதோ அவர்தான் அன்றைக்கு ராஜா அல்லது ராணி, தங்க நிற அட்டைக் கிரீடம் அவர் தலைக்கு. வெட்டுகிறவர் பொம்மையைப் பார்த்துவிட்டு வேண்டியவருக்குத் தள்ளிவிடக் கூடாதே, அதற்காக வீட்டில் இருப்பதிலேயே சின்னக் குழந்தை மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். மேலிருந்து ஒவ்வொரு துண்டாகக் காட்டி "செ பூர் கி?", இது யாருக்கு என்று கேட்பார்கள். அடியிலிருந்து பதில் வரும்: "பூர் மமி!", பாட்டிக்கு. "பூர் தொந்தோன்!", மாமாவுக்கு. "பூர் முவா!", எனக்கு.

கவனியுங்கள், நான் ஒரு வாரம் கரும்பலகையில் எழுதி எழுதிப் புரிய வைக்கிற 'பூர்' என்ற சொல் ஐந்து நிமிடத்தில் எட்டுத் தடவை வாயில் வந்துவிட்டது. பொம்மை கிடைத்தவன் பையனா பெண்ணா என்பதைப் பொறுத்து "வீவ் ல ருவா" (ராஜா வாழ்க), "வீவ் லா ரேன்" (ராணி வாழ்க) என்று கத்த வேண்டும், அங்கேயே பால் வேற்றுமையும் முடிந்தது. இன்னொன்று, இதைச் சொன்னால் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்: பிரான்ஸ் ஜனாதிபதி மாளிகைக்கு வருடாவருடம் பேக்கரிக்காரர்கள் பெரிய கலெத் கொண்டுபோய்க் கொடுப்பார்கள், அதில் மட்டும் ஃபேவ் இருக்காது. குடியரசில் ராஜா கிரீடம் யார் தலைக்கும் போகக் கூடாதாம்.

வகுப்பில் செய்யும்போது இரண்டு எச்சரிக்கை. பாதாம், நிலக்கடலை ஒவ்வாமை இருக்கிற குழந்தைகள் உண்டு, முதல் நாளே வீட்டில் கேட்டுவிடுங்கள். பொம்மையையோ விதையையோ கேக்குக்குள் வைக்காதீர்கள், பல்லும் போகும், தொண்டையிலும் சிக்கும். நான் ஒரு தட்டுக்கு அடியில் மட்டும் சின்னக் காகிதப் பொட்டு ஒட்டிவிடுவேன்.

சரி, மேசையில் உட்கார்ந்தாயிற்று. தாத்தாவிடம் எப்படிப் பேசுவது? இங்கேதான் நம் பிள்ளைகள் திணறுகிறார்கள். 'த்யு' என்றால் நீ, 'வூ' என்றால் நீங்கள் என்று முதல் மாதமே படித்துவிட்டு, நாடகம் போடச் சொன்னால் தாத்தாவுக்கு மரியாதையாக 'வூ' போடுகிறார்கள். ஒரு பையன் என்னிடம் சொன்னான்: "மிஸ், பாட்டின்னா நீன்னு சொல்லிடலாம், எங்க வீட்லயும் அப்படித்தான். தாத்தாவ எப்படி மிஸ்?" அவன் கேட்டது நூறு சதம் நியாயம். பிரெஞ்சு வீடுகளில் வெகு சிலவற்றைத் தவிர அப்பா, தாத்தா, மாமா எல்லாரும் 'த்யு'தான். அந்தச் சொல்லை 'நீ' என்று மொழிபெயர்த்துக் கொடுத்துவிட்டு நாம் விலகிக்கொள்கிறோம். அதை 'நம்ம ஆள்' என்கிற நெருக்கமாகச் சொல்லிக் கொடுத்தால் பிள்ளைக்குச் சட்டென்று பிடிபடுகிறது. பேரன் 'வூ' என்றால் அந்தத் தாத்தாவுக்கு, இவன் ஏன் நம்மிடம் கோபமாக இருக்கிறான் என்றுகூடத் தோன்றலாம்.

உறவுமுறையிலும் இதே கதைதான். பெரியப்பா, சித்தப்பா, மாமா எல்லாருக்கும் சேர்த்து அங்கே ஒரே 'ஓங்கிள்', செல்லமாகத் 'தொந்தோன்'. மாமியாரும் 'பெல்-மேர்', அப்பாவின் இரண்டாவது மனைவியும் 'பெல்-மேர்'. பெற்றோர் பிரிந்த வீட்டுக் குழந்தை டிசம்பர் 24ஆம் தேதி இரவை அம்மாவோடும் 25ஆம் தேதியை அப்பா வீட்டிலும் கழிப்பது அங்கே சாதாரணம், அதை மறைத்துச் சொல்லிக் கொடுக்க வேண்டிய அவசியம் இல்லை. நம் வகுப்பிலேயே அப்படிப்பட்ட குழந்தை உட்கார்ந்திருக்கும்.

வாழ்த்தில் ஒரு பெரிய குழி உண்டு. பிறந்தநாளுக்கு "போன் அனிவெர்சேர்" அல்லது "ஜுவாயெ ஸனிவெர்சேர்". 'போன் ஃபெத்' என்பது பிரான்சில் பெயர்நாள் வாழ்த்து. அங்கே நாட்காட்டியில் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு புனிதர் பெயர் அச்சிட்டிருப்பார்கள், அந்தப் பெயர் வைத்தவருக்கு அன்று "போன் ஃபெத்". அன்னையர் தினத்துக்கும் "போன் ஃபெத் மாமோன்" சரி, அது பெரும்பாலும் மே மாதக் கடைசி ஞாயிறு. கனடாவின் கியூபெக்கில் மட்டும் பிறந்தநாளுக்கே "போன் ஃபெத்" என்பார்கள். கனடாவில் இருக்கும் அத்தை சொல்லிக் கொடுத்தார் என்று பிள்ளை வந்து நின்றால் தப்பென்று திருத்திவிடாதீர்கள். அப்புறம், பிரான்சின் தேசிய நாளான ஜூலை 14ஐ 'பாஸ்டீல் டே' என்று பழக்காதீர்கள். அது ஆங்கிலக்காரர்கள் வைத்த பெயர், பிரெஞ்சுக்காரர்களுக்கு அது வெறும் 'காதோர்ஸ் ஜூய்யே', ஜூலை பதினான்கு. பாண்டிச்சேரியில் அன்று கடற்கரைச் சாலைப் போர் நினைவிடத்துக்குப் போனால் காதாலேயே கேட்கலாம்.

மற்றதெல்லாம் ஓட்டமாகச் சொல்லிவிடலாம். ஏப்ரல் 1 அன்று காகித மீன் வெட்டி முதுகில் ஒட்டிவிட்டு "புவாஸோன் தாவ்ரில்!", ஏப்ரல் மீன் என்று கத்திக்கொண்டு ஓடுவார்கள். ஈஸ்டருக்குச் சாக்லேட் முட்டை கொண்டு வருவது ரோமுக்குப் பறந்துபோய்த் திரும்பும் கோயில் மணிகள், ஆனால் பிரான்சின் கிழக்கே அல்சாஸ் பக்கம் முயல். விழுந்த பல்லைத் தலையணைக்கு அடியில் வைத்தால் காசு போடுவது ஒரு குட்டிச் சுண்டெலி. மே 1 அன்று கொடுக்கும் 'முகே' வெள்ளைப்பூ பார்க்க அழகு, ஆனால் விஷம், அது இருந்த தண்ணீரும்கூட. கிறிஸ்துமஸ் தாத்தாவுக்குப் பிள்ளைகள் எழுதும் கடிதங்களுக்கு 1962 முதல் பிரெஞ்சுத் தபால்துறை பதில் போடுகிறது. முதல் பதிலை எழுதியவர் ஃபிரான்ஸ்வாஸ் தொல்தோ, குழந்தை மருத்துவர், மனப்பகுப்பாய்வாளர், அன்றைய தபால்துறை அமைச்சரின் அக்கா. கடிதம் எழுதப் பழக்க இதைவிட நல்ல சாக்கு கிடையாது.

வீட்டில் செய்ய ஒன்று கேட்டால் நான் சொல்வது தயிர் கேக். பிரெஞ்சுக் குழந்தைகள் பெரும்பாலும் முதலில் செய்யக் கற்கிற கேக் அதுதான், பிறந்தநாளன்று நாலு மணி 'கூத்தே'க்கும் (மாலைச் சிற்றுண்டிக்கும்) அதுவே வரும். தராசு வேண்டாம், தயிர்க் கிண்ணமே அளவு: ஒரு கிண்ணம் தயிர், இரண்டு சர்க்கரை, மூன்று மைதா, அரைக் கிண்ணம் எண்ணெய், கொஞ்சம் பேக்கிங் பவுடர், மூன்று முட்டை. எல்லாவற்றையும் பிள்ளை பிரெஞ்சில் சத்தமாக எண்ணிப் போட வேண்டும்.

போன வருடம் ஒரு அம்மா வாட்ஸ்அப்பில் கேட்டார்: "மேடம், எங்க வீட்ல முட்டை இல்ல, வாழைப்பழம் போடலாமா?" கேக்குக்கு ஒன்றும் ஆகாது, போடலாம். ஆனால் ஒரு முட்டை என்னும்போது 'நெஃப்' என்று ஒலிக்கிற சொல், மூன்று என்றதும் கடைசி எழுத்தை விழுங்கிவிட்டு "த்ருவா ஸெ" ஆகிவிடும், இந்தக் கேக்கில் எனக்கு வேண்டியதே அதுதான் என்று எழுதினேன். சாயங்காலம் படம் வந்தது. கிண்ணத்தில் மசித்த வாழைப்பழம், பக்கத்தில் காகிதத்தில் பென்சிலால் வரைந்த மூன்று முட்டை, அதில் ஒன்றின் மேல் விரலை வைத்தபடி மாவு முகத்தோடு பையன்.