வெள்ளைச் சட்டையில் தேத்தண்ணி வளையம்

போன கிழமை உப்புவெளியிலிருந்து ஒரு பொடியன் படம் அனுப்பியிருந்தான். உயர்தரம் படிக்கிறவன். மேசையில் வரிசையாக நாற்பது பிளாஸ்ரிக் சிப்பாய்கள், ஆளுக்கு 28 மில்லிமீற்றர் உயரம். 1782 ஆகஸ்டில் பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி சுஃப்ரனின் கப்பல்களிலிருந்து இறங்கி, திருகோணமலைக் கோட்டையை ஆங்கிலேயரிடமிருந்து பறித்தெடுத்த பிரெஞ்சுப் படையைச் செய்துகொண்டிருக்கிறானாம். எதிர்ப்படை அவனுடைய மச்சானிடம் இருக்கிறது, எல்லாரும் சிவப்புச் சட்டைக்காரர். சாப்பாட்டு மேசைதான் போர்க்களம். அளவுநாடாவால் நகர்வு, பகடையால் தலைவிதி.

கூடவே ஒரு கேள்வி: "சேர், கறுப்பு வாஷை மேலே பூசினால் அது சட்டை மடிப்புக்குள் மட்டும் போய் இருந்துகொண்டு நிழல் மாதிரித் தெரிகிறது. நான் ஒன்றும் செய்வதில்லை, அதுவே போகிறது. ஆனால் முதுகில், மடிப்பில்லாத இடத்தில், வளையம் வளையமாகக் கறை. ஒரே போத்தல், ஒரே பிரஷ். ஏன் இப்படி?"

எனக்கு வந்த கேள்விகளில் இந்த வருடம் இதுதான் முதலிடம். நான் சிப்பாய்க்குப் பூசுகிறவன் இல்லை, பிளாஸ்ரிக் கப்பல் ஒட்டுகிறவன். ஆனால் இந்தக் கறை எங்கள் எல்லாருக்கும் பொது.

தெரியாதவர்களுக்காக வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முதலில் பிரைமர், அது பெயின்ற் பிடிக்க. பிறகு அடிநிறம். அதற்கு மேல் வாஷ், அதாவது நன்றாகத் தண்ணியாக்கிய கடும் நிறம். அது காய்ந்ததும், கிட்டத்தட்ட உலர்ந்த பிரஷ்ஷில் வெளிர் நிறம் தொட்டு மேடுகளில் மட்டும் தடவ வேண்டும். அப்புறம் காலடித் தட்டில் பசை பூசி மண் தூவி, கடைசியாகச் சேறும் துருவும் வைத்துப் பழசாக்கினால் படை தயார்.

சரி, மடிப்புக்கு வருவோம்.

மேற்பரப்பிழுவிசை பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். நீரின் மேற்பரப்பு தன் பரப்பளவைக் குறைக்கப் பார்க்கும், அதனால் துளி உருண்டையாகிறது. அதே பாடத்தில் இன்னொரு பாதி உண்டு, அதைப் பரீட்சை முடிந்ததும் எல்லாரும் மறந்துவிடுவார்கள். நீரின் மேற்பரப்பு உட்குழிந்திருந்தால், அதற்குக் கீழே உள்ள நீரின் அமுக்கம் வெளிக் காற்றின் அமுக்கத்தைவிடக் குறைவாக இருக்கும். குழிவு எவ்வளவு ஒடுக்கமோ, அமுக்கம் அவ்வளவு குறையும்.

சிப்பாயின் சட்டை மடிப்புக்குள் வாஷ் போனால் இரண்டு பக்கச் சுவரையும் பிடித்துக்கொண்டு நடுவில் குழிகிறது. மடிப்புக்கு வெளியே, மேட்டில் கிடக்கும் வாஷின் மேற்பரப்பு தட்டையாகவோ வெளிப்புறம் புடைத்தோ இருக்கிறது. மேட்டில் அமுக்கம் கூட, மடிப்பில் குறைவு. மேட்டிலிருந்து மடிப்புக்கு வாஷ் ஓடிவிடுகிறது. பொடியன் ஒன்றும் செய்யத் தேவையில்லை.

எவ்வளவு பலமாக இழுக்கும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள், எனக்குப் பிடித்த இடம் இதுதான். நீரின் மேற்பரப்பிழுவிசை மீற்றருக்கு 0.072 நியூற்றன். மடிப்புக்குள் குழிவின் ஆரை 0.1 மில்லிமீற்றர் என்று வையுங்கள். முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் 720 பஸ்கால். நீர் உயரமாகச் சொன்னால் ஏறத்தாழ 7 சென்ரிமீற்றர். சிப்பாயின் மொத்த உயரமே 2.8 சென்ரிமீற்றர்! வாஷில் கலந்திருக்கும் சேர்மானங்களால் இழுவிசை பாதியாகக் குறைந்தாலும்கூட, சப்பாத்திலிருந்து தொப்பிவரை நீரைத் தூக்கிக்கொண்டு போகும் பலம் அந்த மடிப்புக்கு இருக்கிறது. ஈரமாக இருக்கும்போதே சிப்பாயைத் தலைகீழாகப் பிடித்துப் பாருங்கள். மடிப்பில் இருப்பது அங்கேயே இருக்கும்.

இப்போது அதே சிப்பாயை ஆளுயரக் கற்சிலையாக, அறுபது மடங்கு பெரிதாக்குங்கள். மடிப்பின் ஆரை 6 மில்லிமீற்றர். இழுவை 12 பஸ்கால், அதாவது ஒரு மில்லிமீற்றருக்குச் சற்றுக் கூடிய நீர் உயரம். சிலைக்குப் பால் அபிஷேகம் செய்தால் அது மடிப்பில் நிற்காமல் காலடிக்கு ஓடிவிடுவது இதனால்தான். மனிதனை அறுபது மடங்கு சுருக்கலாம், துவக்கைச் சுருக்கலாம், தண்ணீரைச் சுருக்க முடியாது. 28 மில்லிமீற்றர் ஆளின் உலகத்தில் தண்ணீருக்கு மேல் கீழ் என்பது பெரிய விஷயமில்லை. ஒடுக்கமான இடம் எங்கே என்பதுதான் அதன் கவலை.

அபிஷேகம் என்றதும் 1995 செப்டம்பர் 21 ஞாபகம் வருகிறது. அன்றுதான் டெல்லியில் பிள்ளையார் பால் குடித்தார், சில மணித்தியாலங்களில் உலகம் முழுக்கக் குடித்தார். இந்திய அரசின் அறிவியலாளர்கள் போய் என்ன செய்தார்கள் தெரியுமா? பாலில் நிறம் கலந்து கொடுத்தார்கள். கரண்டியில் இருந்த பால் சிலையைத் தொட்டதும் மேற்பரப்பிழுவிசையால் வெளியே இழுபட்டு, மெல்லிய படலமாகச் சிலையின் மேல் வழிந்து போவது நிறத்தில் தெரிந்தது. வெள்ளைச் சிலையில் வெள்ளைப் பால் வழிந்தால் யாருக்குத் தெரியும்? சுருக்கமாகச் சொன்னால், பிள்ளையாருக்கு அவர்கள் வாஷ் பூசினார்கள். நான் கோயிலுக்குப் போகிறவன்தான், கோணேசர் மலையேறினால் மனம் நிறைகிறவன்தான். ஆனாலும் கரண்டியில் பால் குறைவதைக் கண்டு கைகூப்பியவர்களில் ஒருவராவது அடுத்த கரண்டியில் ஒரு சொட்டு மஞ்சள் கலந்திருக்கலாம் என்று இன்றைக்கும் எனக்கு ஆதங்கம்.

இனி வளையம். இது மடிப்பைவிடச் சுவாரசியமானது.

வீட்டில் பிளேன்ரீ குடிக்கிறவர்கள் ஒரு சொட்டைப் பீங்கான் தட்டில் விட்டுக் காயவிடுங்கள். காய்ந்த கறை நடுவில் வெளிறி, ஓரத்தில் கறுத்திருக்கும். தேத்தண்ணி துளி முழுவதும் ஒரே சீராகத்தான் இருந்தது, சாயம் எப்படி ஓரத்துக்குப் போனது? எத்தனையோ தலைமுறை இதைத் துணியால் துடைத்துவிட்டுப் போயிருக்கிறது. இதற்குச் சரியான விளக்கம் வந்தது 1997 இல்தான். சிக்காகோ பல்கலைக்கழகத்தில் றொபேர்ட் டீகனும் கூட்டாளிகளும் கோப்பிக் கறையை வைத்து ஆராய்ந்து நேச்சர் இதழில் எழுதினார்கள்.

துளியின் ஓரம் தட்டில் ஏதாவது சொரசொரப்பில் மாட்டிக்கொள்கிறது, உள்ளே சுருங்க முடியாது. இது முதல் விஷயம். இரண்டாவது, ஓரத்திலிருந்து ஆவியாதல் வேகமாக நடக்கும். நடுவிலிருந்து கிளம்பும் மூலக்கூறைச் சுற்றி மற்ற மூலக்கூறுகள் நெருங்கி நிற்கின்றன, ஓரத்தில் இருப்பதற்கோ பக்கவாட்டில் வெளி திறந்து கிடக்கிறது. ஆக, மிக மெல்லிய இடத்திலேயே நீர் மிக வேகமாகக் குறைகிறது. ஓரம் உள்ளே நகர்ந்தால் பிரச்சினை இல்லை, ஆனால் அது மாட்டிக்கொண்டுவிட்டதே. அப்படியானால் குறைந்த நீரை நடுவிலிருந்துதான் கொண்டுவந்து நிரப்ப வேண்டும். துளிக்குள் நடுவிலிருந்து ஓரத்துக்கு ஒரு ஓட்டம் தொடங்குகிறது. அந்த ஓட்டம் சாயத் துணிக்கைகளையும் அள்ளிக்கொண்டு போகிறது. நீர் ஆவியாகிவிடும், சாயம் என்ன செய்யும்? ஓரத்திலேயே குவிகிறது.

பத்திரகாளி அம்மன் கோயில் திருவிழாக் கூட்டம் கலைவதை நினைத்துப் பாருங்கள். ஓரத்தில் நிற்பவர்கள் சுலபமாகக் கழன்று வீட்டுக்குப் போகிறார்கள். உள்ளே நிற்பவர்கள் அந்த வெற்றிடத்துக்கு நகர்கிறார்கள், அவர்களும் போகிறார்கள். கூட்டத்தின் காலடியில் இழுபட்டு வந்த செருப்புகள் மட்டும் வெளியோரத்தில் குவிந்து கிடக்கும். சாயத் துணிக்கை அந்தச் செருப்பு.

இதில் ஒரு கள்ளத்தனமும் உண்டு. குவிந்த சாயமே ஓரத்தை இன்னும் இறுக்கிப் பிடிக்கிறது. ஓரம் நகரவில்லை என்பதால் சாயம் சேர்கிறது, சாயம் சேர்ந்ததால் ஓரம் நகர மாட்டேன் என்கிறது. கடைசி நிமிடங்களில் துளி தட்டையாகிவிட, ஓட்டம் வேகமெடுத்து, மிச்சமிருப்பதையும் ஓரத்துக்குத் தள்ளிவிடும்.

பொடியனின் சிப்பாய் முதுகில் நடப்பதும் இதுவேதான். அக்காலப் பிரெஞ்சுக் காலாட்படைக்குப் பெரும்பாலும் வெள்ளைச் சட்டை, வளையம் பளிச்சென்று தெரிகிறது. மச்சானின் சிவப்புப் படையிலும் வளையம் இருக்கும், கண்ணுக்கு அவ்வளவு படாது.

கோப்பிக் கறைக்கு ஆராய்ச்சிப் பணமா என்று கேட்பவர்கள் எங்கள் நாட்டில் நிறையப் பேர். அந்தக் கறையின் பௌதிகம் இன்று மைத்துளி அச்சுப்பொறியில் வேலை செய்கிறவனுக்கும், கண்ணாடித் தகட்டில் டிஎன்ஏ துளி வைத்துச் சோதிக்கிறவனுக்கும் வேண்டியிருக்கிறது. எங்களிடம் புல்மோட்டைக் கரையில் கறுப்பு மணல் இருக்கிறது. அதிலுள்ள இல்மனைற் என்ற கனிமத்திலிருந்துதான் வெள்ளைப் பெயின்ற்றின் வெள்ளையான தைத்தேனியம் ஈரொட்சைட்டை எடுக்கிறார்கள். மணலாக ஏற்றுமதி செய்துவிட்டு, போத்தலில் வெள்ளையாக வாங்குகிறோம். பொடியனின் பிரெஞ்சுச் சட்டையில் எங்கள் ஊர் மணலின் ஒரு துணிக்கை இருந்தாலும் நான் ஆச்சரியப்பட மாட்டேன். சரி, இதைத் தொடங்கினால் கட்டுரை முடியாது.

வளையத்துக்கு மருந்து என்ன? 2011 இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஒரு வேடிக்கை செய்தார்கள். உருண்டைத் துணிக்கைகளை இழுத்து நீள்வட்டமாக்கித் துளியில் விட்டார்கள். வளையம் வரவில்லை! நீண்ட துணிக்கைகள் ஓரத்துக்குப் போகும் வழியில் நீரின் மேற்பரப்பில் ஏறி, அதை நெளியவைத்து, ஒன்றையொன்று இழுத்துப் பின்னிக்கொள்கின்றன. மகாவலியில் வெள்ளம் வரும்போது மரக்குற்றிகள் பாலத்தடியில் சிக்குமே, அதுபோல. ஆனால் போத்தலில் வரும் சாயத்தின் வடிவத்தை நாங்கள் மாற்ற முடியாது.

எங்களால் முடிந்தது சவர்க்காரக் குணமுள்ள ஏதாவது ஒன்றைத் துளியளவு சேர்ப்பது. அது ஓட்டத்தோடு ஓரத்துக்குப் போய்ச் சேர, அங்கே மேற்பரப்பிழுவிசை குறைகிறது. இழுவிசை கூடிய நடுப்பகுதி மேற்பரப்பைத் தன் பக்கம் இழுக்க, சாயத்தில் ஒரு பகுதி திரும்பி வருகிறது. கடையில் இதற்கென்றே விற்கும் திரவம் நல்லது. பாத்திரம் கழுவும் திரவத்தில் ஊசிமுனை தொட்டு நான் சமாளித்திருக்கிறேன், கூடினால் நுரை வந்து காரியம் கெடும்.

இன்னும் எளிய வழி: கழுவிப் பிழிந்த, இலேசாக ஈரமான பிரஷ்ஷை முதுகில் தேங்கிய வாஷில் தொட்டால் போதும். பிரஷ் மயிர்களுக்கிடையே உள்ள இடைவெளி மடிப்பைவிட ஒடுக்கம். மேலே போட்ட கணக்குத்தான், இந்த முறை பிரஷ் வெல்லும். அதனால் மடிப்பில் உள்ளதைத் தொட்டுவிடாதீர்கள், அதையும் உறிஞ்சிவிடும்.

வாஷுக்கு முன் மினுக்கு வார்னிஷ் அடிப்பவர்களும் உண்டு. வழவழப்பான பரப்பில் ஓரம் மாட்டிக்கொள்ள இடம் குறைவு. கடைசியில் மங்கல் வார்னிஷ் அடித்து மினுக்கத்தைப் போக்கிவிடலாம். ஆனால் கார்த்திகை மார்கழி மழையில் இந்த வேலை வேண்டாம். நான் ஒருமுறை விறாந்தையில் நின்று, மழை பெய்யப் பெய்ய, ஹெர்மிஸ் விமானந்தாங்கிக்கு மங்கல் வார்னிஷ் விசிறினேன். 1942 ஏப்ரல் 9 இல் மட்டக்களப்புக் கடலில் மூழ்கிய அதே கப்பல், மூன்று மாத வேலை. பத்து நிமிடத்தில் பனி மூடினது மாதிரி வெளுத்துவிட்டது. கரைப்பான் ஆவியாகும்போது பரப்பு குளிர்கிறது, ஈரக்காற்றின் நீராவி அதன் மேல் ஒடுங்கிப் படலத்துக்குள் நுண்துளிகளாகச் சிக்குகிறது, அவை ஒளியைச் சிதறடிக்கின்றன. கப்பல் இரண்டாம் தடவையும் போனது.

காலடி மண்ணுக்கு நிலாவெளிக் கரை மணல் போதும், ஆனால் நன்னீரில் மூன்று தரம் அலசுங்கள். உப்பு இருந்தால் காற்றில் ஈரப்பதன் 75 சதவீதத்தைத் தாண்டும் நாட்களில் அது நீரை இழுத்துக் கரையும், பசையும் பெயின்றும் கிளம்பும். பிறகு தேத்தண்ணி வடியில் அரியுங்கள். அரை மில்லிமீற்றர் மணி அந்த ஆளின் உலகில் 3 சென்ரிமீற்றர் கல்.

பழசாக்கும்போதுதான் தண்ணீர் சுருங்காத பிரச்சினை மறுபடி வருகிறது. சீனக்குடா எண்ணெய்க் குதங்களில் பார்த்திருப்பீர்கள், துரு ஆணித்தலையில் தொடங்கி நேர்கோடாகக் கீழே வழிந்திருக்கும். அது மழையும் புவியீர்ப்பும் சேர்ந்து பல வருடம் வரைந்த கோடு. சின்னப் பீரங்கியில் துரு நிற வாஷைச் சும்மா பூசினால் அது வழியாது, பக்கத்து இடுக்கைத் தேடிப் போய்விடும். அதனால் புவியீர்ப்பை நாங்களே செய்ய வேண்டும். ஒரு புள்ளி துரு நிறம் வைத்து, காயுமுன் ஈரப் பிரஷ்ஷால் மேலிருந்து கீழே ஒரே இழுப்பு. நிறம் வாங்கக் கடைக்கு ஓடத் தேவையில்லை. கோயில் மதிலுக்கு அடிக்கிற செங்காவியும் துருவும் ஒரே குடும்பம், இரண்டும் இரும்பு ஒட்சைட்டு.

இதையெல்லாம் எழுதி அனுப்பினேன். நேற்றுப் பொடியன் மறுபடி படம் போட்டிருக்கிறான். முப்பத்தொன்பது முதுகுகள் சுத்தம். மேளகாரனின் முதுகில் மட்டும் வளையத்தை அப்படியே விட்டிருக்கிறான். கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு ஆகஸ்ட் வெயிலில் கோட்டை ஏறியவனுக்கு வியர்த்திருக்காதா, வியர்வை காய்ந்தாலும் இப்படித்தானே ஓரத்தில் கறை பிடிக்கும், சேர் சொன்ன அதே ஓட்டம்தானே என்று கேட்டிருக்கிறான். அதேதான்.